சூதும் கணக்கும்



நளன் கதையை நீங்கள் அறிவீர்கள். சூதாடி நாட்டை இழந்தான். கானகத்தில் மனைவியைப் பிரிந்தான். உருவம் மாறி, பெயரும் மாறி, அயோத்தி மன்னன் இருதுபன்னனுக்குத் தேரோட்டியாகக் காலம் கழித்தான். அக்கதையில் வரும் ஒரு சிறு நிகழ்ச்சியைப் பலரும் விரைந்து கடந்துவிடுகின்றனர். நான் அவ்விடத்தில் சற்றே நின்று என் பேச்சைத் தொடங்க விரும்புகிறேன்.

தேர் விதர்ப்ப நாட்டை நோக்கி விரைகிறது. வழியில் ஒரு தான்றி மரம் நிற்கிறது. அதனைக் கண்ட மாத்திரத்திலேயே, கிளைகளில் இத்தனை இலை, இத்தனை காய் என்று மன்னன் தொகை சொல்லிவிடுகிறான். நளன் அதை அப்படியே நம்பிவிடவில்லை. தேரை நிறுத்துகிறான், இறங்கி எண்ணுகிறான், மன்னன் சொன்ன தொகை பிசகவில்லை. எண்ணும் கலையும் சூதின் மறைபொருளும் தனக்குத் தெரியும் என்கிறான் மன்னன். நளன் தன் தேர்க்கலையைக் கொடுத்து அக்கலையைப் பெற்றுக்கொள்கிறான். பெற்ற அக்கணமே, நெடுநாளாய் அவனைப் பற்றியிருந்த கலி அவன் உடலை விட்டு வெளியேறினான் என்று மகாபாரதம் கூறுகிறது.

பண்டை இந்தியாவில் தான்றிக் கொட்டைகளையே சூதாடும் காய்களாக வழங்கினர் என்பதை நினைவிற்கொண்டால், அம்மரம் அவ்விடத்தில் நிற்பதன் பொருத்தம் விளங்கும். நளனுக்கு அறவுரை கூறியோர் பலர் இருந்திருப்பர். ஆயினும் கலி நீங்கியது அவன் எண்ணக் கற்றுக்கொண்ட வேளையிலேதான். இன்று நான் சொல்லவிருப்பதும் அதுவே. சூதின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், ஆடுவதற்கு முன் எண்ணிப் பார்த்தவர் எவரோ அவரே தப்பினார் என்பது தெளிவாகும்.

இப்பொருளை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், முன்பு என்னிடம் பயின்ற கல்லூரி மாணவர் ஒருவர் என் இல்லத்துக்கு வந்தார். அவர் கையிலிருந்த செல்பேசியில் இணையச் சூதாட்ட விடுதி ஒன்றின் விளம்பரம் ஒளிர்ந்தது. புதிதாகச் சேருபவர் 5,000 ரூபாய் கட்டினால், விடுதியார் தம் பங்காக இன்னுமொரு 5,000 ரூபாயைப் போனஸாகச் சேர்ப்பார்களாம். ஆக 10,000 ரூபாய்க்கு ஆடலாமாம். "ஐயா, இது மெய்யா, பொய்யா?" என்று கேட்டார். அவர் கட்ட எண்ணியிருந்த தொகை, தேர்வுக் கட்டணத்துக்கும் உணவுச் செலவுக்குமாக வீட்டார் அனுப்பியிருந்த பணம் என்பதைப் பேச்சிடையே அறிந்தேன்.

நான் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பணம் கட்டுவதற்கு முன் கேள்வி கேட்க வேண்டும் என்று தோன்றியதே நல்லறிவின் அடையாளம் அன்றோ? "உட்கார், தம்பி, கணக்குப் பார்ப்போம்" என்றேன். அன்று அவருக்குச் சொன்ன வரலாற்றையும், அவருடன் போட்ட கணக்கையும் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

சூதாட்டம் மிகப் பழமையானது. சூதைக் கணக்கிடும் அறிவோ அண்மையில் தோன்றியது. இத்தாலியில் 1501 முதல் 1576 வரை வாழ்ந்த கார்டானோ என்பவர் புகழ்பெற்ற மருத்துவர், கணிதத்திலும் வல்லவர், அத்துடன் தீராத சூதாடி. பகடை விழும் வகைகளை எண்ணி அவர் ஒரு நூல் எழுதினார். அது அவர் இறந்து நெடுங்காலத்துக்குப் பின், 1663 ஆம் ஆண்டிலேதான் அச்சேறிற்று. இரண்டு பகடைகளை உருட்டினால் 36 வகைகளில் விழும் என்று எண்ணிக் காட்டிய அந்நூலிலேயே, சூதில் கிடைக்கும் பெரும் ஆதாயம் ஆடாமலிருப்பதே என்ற கருத்தையும் அவர் எழுதி வைத்தார். வாழ்நாளெல்லாம் ஆடியவரின் வாக்குமூலம் அது.

1654 ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டில் பாஸ்கல், பெர்மா என்னும் இரு கணித மேதைகள் கடிதம் வாயிலாக ஒரு வினாவை ஆராய்ந்தனர். இடையிலே நின்றுபோன ஓர் ஆட்டத்தின் பந்தயப் பணத்தை ஆட்டக்காரர் இருவரும் எவ்வாறு பங்கிட்டுக்கொள்வது நியாயம் என்பதே அவ்வினா. இன்று நீங்கள் கல்லூரியில் பயிலும் நிகழ்தகவுக் கணிதம் அக்கடிதங்களிலிருந்தே வளரத் தொடங்கியது எனலாம். மூன்று ஆண்டுகள் கழித்து, 1657 இல், ஹாலந்து நாட்டு அறிஞர் ஹைகன்ஸ் இத்துறையின் முதல் அச்சு நூலை வெளியிட்டார். அதன் இறுதியில் ஐந்து கணக்குகளை வாசகருக்கு விட்டுச்சென்றார். அவற்றுள் ஐந்தாவது, ஆட்டக்காரர் இருவருள் ஒருவர் கையிலுள்ளதை எல்லாம் இழக்கும்வரை ஆட்டம் தொடர்ந்தால் யார் வெல்வர் என்பது. 'சூதாடியின் அழிவு' என்று கணித நூல்கள் இதனை வழங்குகின்றன.

இதன் முடிவு வியப்பூட்டுவது. ஒருவரிடம் 10 காசு, மற்றவரிடம் 990 காசு. ஒவ்வொரு முறையும் ஒரு காசு பந்தயம். ஆட்டம் முற்றிலும் நேர்மையானது; இருவருக்கும் சரிசமமான வாய்ப்பு. ஆயினும் இறுதிவரை ஆடினால், 10 காசுக்காரர் அனைத்தையும் இழப்பதற்கான வாய்ப்பு 100 க்கு 99. காசு மிகுந்தவர் சில தோல்விகளைத் தாங்கி நிற்பார், குறைந்தவரால் இயலாது. நேர்மையான ஆட்டத்திலேயே நிலைமை இதுவென்றால், விடுதிக்காரருக்குச் சிறிதளவு சாதகமும் சேர்ந்துவிட்ட ஆட்டத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

அச்சாதகத்தை அரசே முறைப்படுத்திய இடம் வெனிஸ் நகரம். 1638 ஆம் ஆண்டில் அந்நகரப் பேரவை 'ரிடோட்டோ' என்ற பொதுச் சூதாட்ட மாளிகைக்கு இசைவளித்தது. ஆட வருவோர் முகமூடி அணிந்து வரவேண்டும். பணப்பெட்டியை வைத்து ஆட்டம் நடத்தும் உரிமை பிரபுக் குலத்தார்க்கே உரியது. அவர்கள் முகமூடியின்றி அமர்ந்திருப்பர். ஆடுபவர் யாரென்று தெரியாது. ஆட்டம் நடத்துபவர் யாரென்று அனைவர்க்கும் தெரியும். இன்றைய இணையச் சூதிலே இந்நிலை தலைகீழாகிவிட்டது என்பதைப் பின்னர்க் காண்போம். அங்கே ஆடப்பெற்ற சீட்டாட்டங்களில் பெட்டி வைத்திருப்பவருக்கு விதிகளே சாதகமாய் அமைந்திருந்தன. வெனிஸ் நகரக் குடும்பங்கள் பல அம்மாளிகையில் செல்வம் இழந்தன. 1774 இல் அதே பேரவை அதனை மூடிவிட்டது.

அடுத்த நூற்றாண்டில் வந்தவர் பிரான்சுவா பிளாங். இன்றைய போனஸின் முன்னோடி என்று ஒருவரைச் சுட்ட வேண்டுமானால் அவரையே சுட்டுவேன். 1837 ஆம் ஆண்டு முடிவில் பாரிஸ் நகரின் சூதாட்ட விடுதிகள் சட்டத்தால் மூடப்பட்டன. பிளாங்கும் அவருடைய இரட்டைச் சகோதரர் லூயியும் ஜெர்மானிய நாட்டின் ஹோம்பர்க் என்ற சிறு நகருக்குச் சென்று, 1840 களின் தொடக்கத்தில் தொழில் தொடங்கினர். பிற விடுதிகளிலிருந்து ஆட்டக்காரரை இழுக்க அவர்கள் கண்ட வழி எளியது. ரூலெட் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள் உண்டு. அவற்றோடு விடுதிக்காரருக்கென இரண்டு சுழி அறைகளும் அக்காலத்தில் இருந்தன. அவற்றுள் ஒன்றை நீக்கிவிட்டார்கள்.

இதன் பொருளைக் கணக்கிட்டுப் பாருங்கள். நீங்கள் ஓர் எண்ணின்மேல் ஒரு காசு வைத்து வென்றால், உங்கள் காசுடன் 35 காசு கிடைக்கும். 36 அறைகள் மட்டும் இருந்தால் அது நேரான கணக்கு. அறைகள் 38 ஆகும்போது, நீங்கள் வைக்கும் ஒவ்வொரு 100 காசிலும் சராசரியாக 5.26 காசு விடுதிக்குச் சேரும். 37 அறைகளானால் 2.70 காசு சேரும். பிளாங் தம் ஆதாயத்தில் ஏறக்குறையப் பாதியை விட்டுக்கொடுத்தார். ஐரோப்பா முழுவதிலுமிருந்து மக்கள் அங்கே திரண்டனர். விட்டுக்கொடுத்த பாதியைக் கூட்டத்தின் பெருக்கத்தால் பன்மடங்காக அவர் ஈட்டிக்கொண்டார். சலுகை உண்மையானதுதான். ஆனால் சுழி ஒன்று அச்சக்கரத்தில் இருந்துகொண்டேதான் இருந்தது.

1863 இல் மொனாக்கோ நாட்டின் சூதாட்ட உரிமையைப் பிளாங் பெற்றார். மான்டி கார்லோ எழுந்தது. சூதால் வந்த வருவாய் எத்தகையது தெரியுமா? 1869 இல் அந்நாட்டு அரசர் தம் குடிமக்கள் மீதிருந்த நேர்முக வரிகளையே நீக்கிவிட்டார். ஆனால் மொனாக்கோவின் குடிமகன் அச்சூதாட்ட விடுதியில் ஆடுதல் தடைசெய்யப்பட்டுள்ளது. கடைக்காரன் தன் பிள்ளைக்கு ஊட்டாத பண்டத்தை நாம் விலை கொடுத்து வாங்குமுன் சற்றுச் சிந்திக்க வேண்டாவா?

மான்டி கார்லோவில் வென்றோரும் உண்டு. 1891 இல் சார்லஸ் வெல்ஸ் என்ற ஆங்கிலேயர் பலமுறை 'வங்கியை உடைத்தார்' என்று உலகெங்கும் பேசினர். உடைந்தது விடுதி முழுவதன் செல்வமன்று. ஒரு மேசைக்கு அன்று ஒதுக்கப்பட்ட தொகை தீர்ந்தது, அவ்வளவே. அந்தச் செய்தியைக் கேட்டு மேலும் மேலும் ஆட்டக்காரர் வந்து குவிந்தனர். வென்றவரின் கதையே விடுதிக்கு விளம்பரமாயிற்று. வெல்ஸோ வேறு மோசடிகளுக்காக 1893 இல் சிறைத்தண்டனை பெற்றார். வென்றவர் சிரித்த முகத்துடன் தோன்றும் விளம்பரங்களை இன்று காணும்போது இதனை நினைத்துக்கொள்ளுங்கள். தோற்றவர் எவருடைய படத்தையும் எந்த விளம்பரமும் காட்டுவதில்லை.

இனி ஆராய்ச்சி என்ற சொல்லின் முழுப்பொருளை உணர்த்தும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். புள்ளியியல் துறையின் தந்தையருள் ஒருவராகிய கார்ல் பியர்சன் இலண்டனில் பேராசிரியராய் இருந்தார். மான்டி கார்லோவின் ரூலெட் சக்கரத்தில் நாள்தோறும் விழுந்த எண்களை ஒரு பத்திரிகை அச்சிட்டு வெளியிட்டு வந்தது. அவ்வெண்களைத் திரட்டி ஆராய்ந்த பியர்சன், 1894 இல் தம் முடிவை வெளியிட்டார். சிவப்பும் கறுப்பும் மொத்தத்தில் சமமாகவே வந்திருந்தன. ஆனால் ஒரே நிறம் தொடர்ந்து வரும் வரிசைகள், இயற்கையான தற்செயலுக்குச் சற்றும் பொருந்தாத அளவில் இருந்தன. சக்கரத்தில் பிழை என்று அவர் எண்ணினார். பின்னாளில் கூறப்பட்ட விளக்கமோ வேறு. எண்களைக் குறிக்க வேண்டிய பத்திரிகையாளர், மேசையருகே நிற்கச் சோம்பி, தம் மனம்போன போக்கில் எழுதி அனுப்பிவிட்டனராம்.

இதிலே நமக்கு ஒரு பாடம் உண்டு. ஒன்றைப் பற்றிய பதிவுகளை ஆராய்வதோடு நின்றுவிடலாகாது. பதிவை எழுதியவர் யார், எங்கே அமர்ந்து எழுதினார், எழுதியதற்கு யாரிடம் கூலி பெற்றார் என்பவற்றையும் ஆராய வேண்டும். இணையச் சூதாட்ட விடுதிகளை ஒப்பிட்டு, 'இது சிறந்தது, அது நம்பத்தக்கது' என்று மதிப்பெண் இடும் பக்கங்கள் ஏராளம். அவற்றுள் பல, தம் வழியாகச் சென்று பணம் கட்டும் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்றோ, அவர் இழக்கும் பணத்தில் இத்தனை விழுக்காடு என்றோ விடுதிகளிடம் தரகு பெறுபவை. நீங்கள் தோற்றால் பங்கு பெறுபவர் உங்களுக்குத் தரும் அறிவுரையை எவ்வாறு எடைபோடுவது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

எண்ணத் தெரிந்த ஆட்டக்காரர் வந்தபோது விடுதிக்காரர் என்ன செய்தனர் என்பதும் வரலாற்றில் உண்டு. அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 1931 இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. 1962 இல் எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியர், 'பிளாக்ஜாக்' என்னும் சீட்டாட்டத்தில் கழிந்த சீட்டுகளை நினைவில் வைத்து எண்ணினால், விடுதியின் சாதகத்தை ஆட்டக்காரர் தம் பக்கம் திருப்பலாம் என்று நூல் எழுதிக் காட்டினார். 1964 இல் லாஸ் வேகஸ் விடுதிகள் அவ்வாட்டத்தின் விதிகளையே மாற்றின. மாற்றிய விதிகளை விரும்பாமல் கூட்டம் குறையவே, சில வாரங்களில் பழைய விதிகளுக்குத் திரும்பின. எனினும் எண்ணத் தெரிந்தவரை ஆடவிடாமல் வெளியேற்றும் வழக்கம் தொடர்ந்தது. நீங்கள் எண்ணுவதை விடுதிக்காரர் எந்நாளும் விரும்பியதில்லை.

இவ்வளவையும் கேட்டிருந்த மாணவர், "இதற்கும் இந்தப் போனஸுக்கும் என்ன தொடர்பு, ஐயா?" என்றார். தொடர்பு இதுதான். கரீபியன் கடலில் உள்ள ஆன்டிகுவா தீவு 1994 இல் இயற்றிய ஒரு வணிகச் சட்டத்தின் துணையால், இணையம் வழியாகச் சூது நடத்துவோருக்கு உரிமம் கிடைத்தது. சில ஆண்டுகளுக்குள் விடுதிகள் நூற்றுக்கணக்கில் பெருகின. அவற்றுக்குள் போட்டி வந்தது. பிளாங் ஒரு சுழியை நீக்கியதுபோல, இவர்கள் போனஸ் என்ற தூண்டிலை இட்டனர். தொடக்கத்தில் நிபந்தனைகள் இளகியிருந்தன. எண்ணத் தெரிந்த சிலர், விடுதியின் சாதகம் மிகக் குறைந்த ஆட்டங்களைத் தேர்ந்து சிறிது ஆடி, போனஸை எடுத்துக்கொண்டு போயினர். விடுதிக்காரர் விழித்துக்கொண்டனர். தார்ப்பின் நூலுக்குப் பின் நடந்ததே இங்கும் நடந்தது, விதிகள் இறுக்கப்பட்டன. விளம்பரத்தின் அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல் சிற்றெழுத்தில் காணப்படுபவை அவ்விதிகளே.

மாணவரிடம், "விளம்பரத்தை விடு, நிபந்தனைகளைப் படி" என்றேன். படித்தார். கட்டிய தொகையும் போனஸும் சேர்ந்த தொகையைப் போல் 35 மடங்குக்குப் பந்தயம் கட்டி ஆடிய பின்னரே எதையும் திரும்பப் பெறலாம். 30 நாளுக்குள் ஆடி முடிக்க வேண்டும். ரூலெட்டில் வைக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கே கணக்கில் சேரும். சுழல்படப் பொறி ஆட்டத்தில் வைப்பது முழுவதும் சேரும். ஒரு வெள்ளைத்தாளை எடுத்தோம்.

கையிலிருப்பு 10,000 ரூபாய். அதன் 35 மடங்கு 3,50,000 ரூபாய். இத்தொகைக்குப் பந்தயம் கட்டியாக வேண்டும். பொறி ஆட்டத்தின் விதிப்பக்கத்தில், வைக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 95 ரூபாய் ஆட்டக்காரருக்குத் திரும்பும் என்று அவர்களே எழுதியிருந்தனர். எஞ்சிய 5 ரூபாய் விடுதிக்கு. 3,50,000 ரூபாய்க்கு 100 க்கு 5 வீதம் எவ்வளவு? மாணவர் எழுதினார்: 17,500 ரூபாய்.

அவர் எழுதுகோல் நின்றுவிட்டது. கையிலிருப்பதோ 10,000; சராசரி இழப்போ 17,500. இல்லாத பணத்தை இழக்க முடியாதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மை, அதனால்தான் பெரும்பாலோர் நிபந்தனை நிறைவேறுமுன்பே கை வறண்டு எழுந்துவிடுகின்றனர். ஹைகன்ஸின் ஐந்தாம் கணக்கு இங்கே உயிர்பெற்று நிற்கிறது. "ரூலெட்டில் விடுதியின் சாதகம் குறைவாயிற்றே?" என்றார். பத்தில் ஒரு பங்கே சேருமென்பதால், அங்கே 35,00,000 ரூபாய்க்கு ஆட வேண்டும். அதன் 37 இல் ஒரு பங்கு ஏறக்குறைய 94,600 ரூபாய். எண்ணத் தெரிந்தவன் நுழையக்கூடிய வாயில்களை எல்லாம் அவர்கள் முன்னரே எண்ணி அடைத்திருந்தனர்.

ஆகவே 'இது மெய்யா, பொய்யா?' என்ற அவருடைய வினாவுக்கு விடை கிடைத்தது. விளம்பரத்தில் ஒரு சொல்லும் பொய்யில்லை. 5,000 ரூபாய் தருவது மெய். அதனை எடுத்துச்செல்ல விடாததும் மெய். அத்துடன் அவர் கட்டும் சொந்தப் பணமும் அதே கட்டில் அகப்பட்டுக்கொள்கிறது. இது அரசுகளின் கவனத்துக்கும் வந்த குறையே. பிரிட்டனில் போட்டி மற்றும் சந்தை ஆணையம் இதனை ஆராய்ந்தது. 2018 இல் பெரிய நிறுவனங்கள் மூன்று, ஆட்டக்காரர் தம் சொந்தப் பணத்தைத் திரும்பப் பெறுவதைப் போனஸ் நிபந்தனைகளால் தடுக்கமாட்டோம் என்று உறுதியளித்தன. போனஸுக்கு 10 மடங்குக்கு மேல் பந்தயம் கட்டச் சொல்லலாகாது என்ற விதியை அந்நாட்டுச் சூதாட்ட ஆணையம் 2025 இல் அறிவித்தது. நம் கணக்கில் அதனை வைத்துப் பாருங்கள்: 5,000 ரூபாய்க்கு 10 மடங்கு 50,000, அதில் 100 க்கு 5 வீதம் 2,500 ரூபாய். 17,500 எங்கே, 2,500 எங்கே! ஒரே போனஸ், மாறியது அடியிலுள்ள ஒரு வரி.

சீட்டு நேர்மையாகக் கலைக்கப்படுகிறதா என்பது அடுத்த வினா. வெனிஸில் சீட்டுப் போடுபவரின் முகம் தெரிந்தது; இங்கே முகமே இல்லை. 1999 இல் பிளானட் போக்கர் என்ற இணையச் சீட்டாட்ட நிலையம் பயன்படுத்திய மென்பொருளை உருவாக்கியவர்கள், தம் நேர்மையை மெய்ப்பிக்கும் எண்ணத்தோடு, சீட்டுக் கலைக்கும் முறையை வெளியிட்டனர். கணினி அறிஞர் சிலர் அதனை ஆராய்ந்தனர். 52 சீட்டுகளை அடுக்கும் வகைகள் 68 இலக்கம் கொண்ட ஒரு பேரெண். ஆனால் அம்முறையோ, நள்ளிரவிலிருந்து கடந்த நேரத்தை நொடியின் ஆயிரத்தில் ஒரு கூறாக அளந்து அதிலிருந்து தொடங்கியது. ஒரு நாளில் அத்தகைய கூறுகள் 8,64,00,000 மட்டுமே. நிலையத்தின் கடிகாரத்தோடு தம் கடிகாரத்தைப் பொருத்திக்கொண்டால், பிறர் கையிலுள்ள சீட்டுகளையே அறிந்துவிடலாம் என்று அவ்வறிஞர்கள் காட்டினர். பிழை பின்னர்த் திருத்தப்பட்டது.

2007 இல் அப்சல்யூட் போக்கர் என்ற நிலையத்தில் நடந்தது பிழையன்று, மோசடி. உள்ளிருந்தோர் வழியாக ஒரு கணக்குக்கு மட்டும் பிறர் சீட்டுகளெல்லாம் தெரிந்தன. அதனைக் கண்டுபிடித்தவர்கள் ஆட்டக்காரர்களே. ஆடிய ஆட்டங்களின் பதிவை வரிவரியாக எண்ணிப் பார்த்தனர். மனித அறிவால் இயலாத அளவுக்கு ஒருவர் சரியாகவே ஆடியிருந்தார். அந்நிலையத்துக்கு உரிமம் இருந்தது. உரிமம் தந்த கனடா நாட்டுக் கானாவாகே ஆணையம், பின்னர் 2008 இல் 5,00,000 டாலர் தண்டம் விதித்தது. உரிமம் உண்டா என்று பார்ப்பது இன்றியமையாதது. அது மட்டுமே போதாது என்பதற்கு இது சான்று.

நம் நாட்டு நிலையையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் சட்டம் 2022 இல் இயற்றப்பட்டது. தற்செயலை நம்பிய ஆட்டங்களுக்கான தடை செல்லுமென 2023 இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரம்மி, போக்கர் இரண்டையும் திறனாட்டங்களென அத்தடையிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறனாயினும் தற்செயலாயினும், பணம் கட்டி இணையத்தில் ஆடும் ஆட்டங்களை நடத்துவதையும் விளம்பரப்படுத்துவதையும் அவற்றுக்குப் பணம் செலுத்த வங்கிகள் துணைபுரிவதையும் தடைசெய்தது. ஆகவே நம் நாட்டு மாணவரைத் தேடி வரும் இத்தகைய போனஸ் அழைப்பு எதுவாயினும், அதனை அனுப்புபவர் நம் சட்டத்துக்கு வெளியே நிற்பவர். பணம் திரும்பாவிட்டால் எந்த அலுவலகத்தில் சென்று முறையிடுவீர்கள்? ஆராய்ச்சியின் முதல் வினா இதுவாகவே இருக்கட்டும்.

கணக்கு முடிந்தபின் மாணவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "ஐயா, எல்லாம் சராசரிதானே? ஒருவேளை எனக்கு நல்வாய்ப்பு இருந்தால்?" என்று கேட்டார். நேர்மையான வினா, நேர்மையாகவே விடை கூறினேன். "வெல்பவர் சிலர் இருப்பர், தம்பி. நீயே அவருள் ஒருவனாகவும் இருக்கலாம். ஆனால் வெல்பவருக்குத் தரும் பணத்தையும் சேர்த்தே அந்த 100 க்கு 5 கணக்கிடப்பட்டிருக்கிறது. உன் நல்வாய்ப்பையும் அவர்கள் முன்னரே விலைபோட்டுவிட்டார்கள்."

அவர் எழுந்தார். புறப்படுமுன் தயங்கி நின்று, "இந்தத் தாளை நான் எடுத்துப்போகலாமா, ஐயா? என் அறைத்தோழன் ஏற்கெனவே 20,000 ரூபாய் கட்டிவிட்டான். விட்டதைப் பிடிக்க இன்னும் கடன் கேட்கிறான்" என்றார். அப்போதுதான் அவர் வந்ததன் முழுக்காரணமும் எனக்கு விளங்கிற்று. தாளைக் கொடுத்தேன். கூடவே ஒன்று சொல்லியனுப்பினேன்: போன பணம் போனதுதான், அதனைத் துரத்தும் பணமே பெரும்பணம், வீட்டாரிடம் இன்றே சொல்லிவிடச் சொல். அத்தோழர் இழந்த தொகை திரும்பவில்லை. ஆனால் அந்த வாரமே தந்தையாரிடம் சொல்லிவிட்டார் என்றும், மேற்கொண்டு கட்டவில்லை என்றும் பின்னர் அறிந்தேன்.

நண்பர்களே, எண்ணும் கலை கற்ற நளன் திரும்பிச் சென்று, மீண்டும் சூதாடி நாட்டை வென்றான். நாமும் அவ்வாறு வெல்லலாமே என்று நினைத்துவிடாதீர்கள். நளனுக்கு எதிரே அமர்ந்திருந்தவன் எண்ணத் தெரியாத தம்பி புட்கரன். இன்று நமக்கு எதிரே இருப்பவரோ, நாம் தேரை நிறுத்துவதற்கு முன்பே இலைகளை எல்லாம் எண்ணி முடித்தவர். இறங்கி எண்ணிப் பாருங்கள். சொன்ன தொகை சரியாகவே இருக்கும். பின்னர்த் தேரேறி, உங்கள் வழியே செல்லுங்கள்.